கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது?

கட்டட நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அவர்களிடம் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

28 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். முதல் 6 வருடம் ஹெல்பர், அப்புறம் தனி ஆள், இப்போது என்னோடு 4 பேர். உங்களில் பலருடைய கட்டடங்களின் சுவருக்குள் என் கை போட்ட குழாய் ஓடுகிறது. கொஞ்ச காலமாக உங்களிடமிருந்து வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: "நல்ல பிளம்பர் யாராவது இருந்தா அனுப்புங்களேன்." எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், எத்தனை பேர் கிடைத்தாலும் சரி என்கிறீர்கள். ஆள் கிடைக்காத காரணத்தைப் பேசும்போது மட்டும், இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள்.

அந்த வரி எனக்கு வலிக்கிறது. அந்தப் பையன்களை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அவர்கள் வருகிறார்கள். வந்து, ஒரு வருடம் சுவரில் காடி வெட்டி, சிமென்ட் தூசியைத் தின்று, குழாய் தூக்கி, தொழிலில் உருப்படியாக எதுவும் கற்காமல் போய்விடுகிறார்கள். ஏன் போகிறார்கள் என்பதற்கான பதில் உங்கள் கணக்குப் புத்தகத்திலும் என் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த மடல்.

ஒரு ஜாயின்ட் போடுவதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் குழாயை நேராக அறுக்க வேண்டும். கோணலாக அறுத்தால் எல்போ என்கிற வளைவு இணைப்புக்குள் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் இடைவெளி நிற்கும். அறுத்த வாயில் பிசிறு இருக்கும். அதைச் சுரண்டி, வெளி ஓரத்தை லேசாகச் சரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால், உள்ளே தள்ளும்போது அந்தக் கூர்மையான ஓரமே தடவிய பசையை வழித்துக்கொண்டு போய்விடும். ஈரம் துடைக்க வேண்டும். பசை போடாமல் ஒரு தடவை செருகிப் பார்த்து, முழு ஆழம் எது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். குழாய்க்குத் தாராளமாக, எல்போ மாதிரியான ஃபிட்டிங்குக்கு மெல்லிசாகப் பசை தடவி, கால் சுற்று திருப்பிக்கொண்டே செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அந்த அரை நிமிடம்தான் புதுப் பையனுக்குப் பிடிபடாது. ஃபிட்டிங்கின் உள்வாய் லேசாகக் கூம்பிப் போகும்படி செய்யப்பட்டது. பசை இறுகும் முன் கையை எடுத்தால், குழாய் ஓசைப்படாமல் கொஞ்சம் பின்னால் வந்துவிடும். வெளியே பார்த்தால் ஜாயின்ட் அழகாக இருக்கும். பென்சில் கோடு மட்டும் எல்போவின் விளிம்பிலிருந்து நூலளவு தள்ளி நிற்கும். அந்த நூலளவைப் பார்க்கப் பழகிய கண்தான் பிளம்பரின் கண்.

இதை வாயால் சொல்ல 5 நிமிடம் போதும். கையில் படிய நூற்றுக்கணக்கான ஜாயின்ட் ஆகும். அத்தனையிலும் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் 3 நிமிடத்தில் போடுவதை அவன் 10 நிமிடம் போடுவான். தப்பினால் அறுத்து எறிந்துவிட்டு வேறு எல்போ, வேறு துண்டுக் குழாய். இத்தனை பாயிண்ட் (குழாய் வந்து முடியும் இடம்), பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் பேசி முடிக்கிற தொகையில் அந்த 7 நிமிடம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அது என் பையில் இருந்து போகிறது. ஒரு நாளில் 20 ஜாயின்ட்டை அவன் கையில் கொடுத்தால் 140 நிமிடம். கால் நாளுக்கும் மேல். வேலையை நேரத்துக்கு முடிக்கவில்லை என்று நீங்கள் பிடித்தம் செய்வது தனி.

அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? பையனை ஜாயின்ட் பக்கமே விடுவதில்லை. "நீ காடி வெட்டு, நான் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பல முறை. மாடி ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கும்போது வேறு வழி இருப்பதில்லை. ஒரு வருடம் காடி மட்டுமே வெட்டியவன், இதைவிட நல்ல சம்பளத்தில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தால் போகத்தான் செய்வான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைத் தாண்டி ஒருவன் என்னிடம் தங்கினான். கெட்டிக்காரன். கை சுத்தம், கேள்வி நிறையக் கேட்பான். "அண்ணே, தண்ணி போகாத நேரத்துல குழாய்க்குள்ள என்ன இருக்கும்?" என்று அவன் கேட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது. பத்து வருடம் ஆன ஆட்களே கேட்காத கேள்வி அது. ஒன்றரை வருடம் ஜாயின்ட், வாட்டம் என்கிற சரிவு, டிராப் என்கிற வளைவு என்று வரிசையாகக் கற்றுக்கொண்டான். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டைக் கற்கும் கட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் ஒரு கட்டட நிறுவனத்தார் அவனைக் கூப்பிட்டு, நான் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து, முழு பிளம்பர் என்று சொல்லித் தனியாக ஒரு மாடியை ஒப்படைத்தார்கள். போகாதே என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் வீட்டிலும் செலவு இருக்கிறது.

அங்கே டைல்ஸ் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று டெஸ்ட் போடாமலே சுவரை மூடச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்துச் சொல்லும் வயது அவனுக்கு இல்லை. மேலே உள்ள தொட்டியின் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் நிற்கும். அதோடு பம்ப் அழுத்தம் சேரும். அந்த அழுத்தத்துக்கும் கூடுதலாக, வழக்கமாக ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையாமல் நிற்கிறதா என்று மணிக்கணக்கில் பார்த்த பிறகே சுவரை மூட வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் சும்மா இருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டு மேற்கூரையில் கறை படர்ந்தது. டைல்ஸை உடைத்துத் தேடிப் பார்த்தால் ஒரே ஒரு எல்போ. உடைத்த செலவை அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். தொழிலையே விட்டுவிட்டான். அந்தக் கேள்வி கேட்ட பையன் இன்று வேறு ஏதோ வேலை செய்கிறான். அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட, நம் எல்லோருடைய கணக்கும் சேர்ந்து அவனை இப்படிச் செய்துவிட்டதே என்ற வருத்தம்தான் பெரிது.

கூட்டிப் பாருங்கள். கற்றுக்கொடுத்தவனுக்கு நஷ்டம். பாதி கற்றவனை இழுத்துக்கொண்டு போனவனுக்கு அன்றைக்கு லாபம். இந்த நிலையில் அறிவுள்ள எவனும் கற்றுக்கொடுக்க மாட்டான். அடுத்தவன் கற்றுக்கொடுக்கட்டும், நாம் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் இருப்பான். எல்லோரும் அப்படியே இருந்தால் கூட்டி வர ஆள் மிஞ்சாது. அந்த இடத்துக்குத்தான் இப்போது வந்து நிற்கிறோம்.

இது புதுச் சிக்கலும் இல்லை, தீர்வே இல்லாத சிக்கலும் இல்லை. பிரிட்டனில் 1964-இல் தொழிற்பயிற்சிச் சட்டம் கொண்டுவந்தபோது, கட்டடத் துறைக்கென்று ஒரு பயிற்சி வாரியம் அமைத்தார்கள். துறையில் உள்ள நிறுவனங்கள் பொது நிதிக்கு வரி கட்ட வேண்டும். யார் ஆளை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்களோ அவர்களுக்கு அதிலிருந்து மானியம் போகும். டென்மார்க்கிலும் முதலாளிகள் எல்லோரும் பொது நிதிக்குக் கட்டுகிறார்கள். பயிலுநர் வகுப்புக்குப் போகும் நாட்களில் அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கு ஈடாக முதலாளிக்கு அதிலிருந்து பணம் திரும்ப வருகிறது. ஜெர்மனியில் குழாய், வெப்பமூட்டும் சாதனங்கள் இரண்டையும் சேர்த்த தொழிலுக்கு மூன்றரை வருடப் பயிற்சி. பாதி நேரத்துக்கு மேல் நிறுவனத்தில், மீதி தொழிற்பள்ளியில். முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை உண்டு. அந்த நாடுகளிலும் ஆள் போதவில்லை என்ற பேச்சு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கற்பித்தல் ஒரு செலவு, அதை யாராவது ஒருவர் கட்டியாக வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாம் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கி.பி. 97-இல் ரோம் நகரத்தின் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரான்டினஸ், தன்னிடம் இருந்த வேலையாட்களை எண்ணி எழுதி வைத்தார்: பொது நீர்ப்பணிக் குழுவில் 240 பேர், பேரரசருடைய குழுவில் 460 பேர். அவர்கள் அடிமைகள், அந்த முறையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. கால்வாய் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது, தினமும் அதைப் பார்த்துக்கொள்ள இத்தனை பேர் வேண்டும், அவர்களுக்கான செலவு இந்த வருமானத்திலிருந்து வர வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். செல்வாக்கு உள்ளவர்கள் அந்த ஆட்களைச் சொந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போவதையும் அவர் குறைபட்டு எழுதியிருக்கிறார். மறுநாள் யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதை முந்தின நாளே எழுதிவைத்து அதைச் சரிசெய்தார். பிளம்பர் என்ற சொல்லே அந்த மக்களின் லத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் பிளம்பம் என்ற சொல்லில் இருந்து வந்தது. இன்று குழாயில் ஈயம் போய்விட்டது. ஆளை இழுக்கும் பழக்கம் போகவில்லை.

இதெல்லாம் கூலிப் பிரச்சினைதானே, கட்டடம் எப்படியோ எழுந்துவிடுகிறதே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு வளைந்த குழாயைக் காட்ட விரும்புகிறேன். வாஷ்பேசின் அடியில் இருக்கும் டிராப். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், வழக்கமாக 50 மில்லிமீட்டர் ஆழம். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கழிவறைக்கு அப்படியொரு வளைவைச் சேர்த்து 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி. அந்த வளைவில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. மனிதர்கள் கட்டடத்துக்குள் அடுக்கடுக்காக வாழ முடிவதே அந்தக் கையளவுத் தண்ணீரால்தான் என்று நான் நம்புகிறேன்.

2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் தொற்றியது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள் கடைசியில் குளியலறைத் தரையில் இருந்த வடிகாலுக்கு வந்து நின்றார்கள். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து மட்டுமே வந்ததால், பல வீடுகளில் டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றிப்போயிருந்தது. குளியலறை மின்விசிறி ஓடும்போது, கழிவுக் குழாயின் காற்றை அந்த வற்றிய வளைவு வழியாக வீட்டுக்குள் இழுத்திருக்கிறது. 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஹோட்டல்களில் கழிவுநீர் குடிநீரோடு கலக்கும்படி குழாய்கள் அமைந்திருந்தன. அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு நோய் தெரியவந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்கவே நாள் ஆனது.

தரை வடிகால் வற்றும், அதற்கு வேறொரு இணைப்பிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும்படி குழாய் போட வேண்டும் என்பது தெரிந்தவனுக்குத் தெரியும். தொட்டியில் விழும் குழாயின் வாய், தொட்டி நிரம்பினாலும் தண்ணீரில் முங்காதபடி மேலே நிற்க வேண்டும் என்பதும் அப்படியே. முங்கியிருக்கும்போது அழுத்தம் குறைந்தால் தொட்டியில் உள்ளதைக் குழாய் திரும்ப உறிஞ்சிவிடும். கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும் என்று சொன்னால் கேட்பவன் தலையாட்டுவான். அந்த வாட்டத்தைத் தரைக்கு அடியில் 12 மீட்டர் தூரத்துக்கு, நடுவில் ஒரு இடத்திலும் தொய்யாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு விஷயம். அதை ஒருவனோடு ஒருவன் குனிந்து, ரசமட்டத்தை வைத்துப் பார்த்துத்தான் கற்க முடியும்.

அனுபவம் உள்ளவர்கள் ஏன் உங்கள் கட்டடங்களுக்கு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், போகிறோம், சரிசெய்கிறோம், அன்றைக்கே கையில் பணம். உங்களிடம் மூன்று மாதம் கழித்துப் பாதி வரும், மீதியில் ஒரு பங்கை ஒரு வருடம் பிடித்துவைப்பீர்கள். அந்த ஒரு வருடம் ஆட்களுக்கு நான் வாராவாரம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ரிப்பேரிலும் லேசான வாழ்க்கை கிடையாது. 10 மணி நேரம் வெளியே இருந்தால், போக வர, சாமான் வாங்க, விலை சொல்லிவிட்டு வேலை கிடைக்காமல் திரும்ப என்று பாதி நேரம் காசில்லாமல் போகும். அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் கூலி கேட்க வேண்டியிருக்கிறது. வாஷர் மாற்ற இவ்வளவா என்று கேட்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே சங்கடமாக இருக்கும். ஆனாலும் பணம் அன்றே வருகிறது. 45 வயதில் முட்டி தேய்ந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

அவன் போகும்போது அவனோடு ஒரு பள்ளிக்கூடமே போகிறது. ரிப்பேருக்குத் தனியாகத்தான் போவான். ஒரு வீட்டு வேலைக்கு இரண்டு ஆள் கூலி யாரும் தர மாட்டார்கள். ஒரே நாளில் 40 ஜாயின்ட் போட்டுப் பழகும் வாய்ப்பு பெரிய கட்டடத்தில்தான் உண்டு. அங்கே கற்றுத்தர ஆள் இல்லை. கற்றுத்தரத் தெரிந்தவன் இருக்கும் இடத்தில் கற்றுக்கொள்ள இடம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் சக்தி உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடங்களில் செங்கலும் கலவையும் சுமக்கப் பெண்களை வைத்துக்கொள்கிறோம். சுமை தூக்க முடிகிற கைக்குக் கால் சுற்று திருப்பி அரை நிமிடம் பிடிக்க முடியாது என்று யார் முடிவு செய்தது? என்னிடம் இப்போது வேலை பார்க்கும் நால்வரில் ஒருவர் பெண். சித்தாளாக இருந்தவர். என்னிடம் இருப்பவர்களில் பிசிறு எடுப்பதில் அவர் கைதான் சுத்தம். தங்கள் வீட்டுக் குளியலறைக்கு அவரையே அனுப்பச் சொல்லிக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. கட்டடத்தில் அவருக்கென்று ஒரு கழிவறை இருந்தால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவதாகச் சொல்கிறார். கழிவறை கட்டும் தொழிலில் இருந்துகொண்டு அதைக்கூட நாம் செய்யவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் விலைப்பட்டியலில் குழாய்க்கு ஒரு வரி, ஃபிட்டிங்குக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி இருக்கிறது. பயிலுநருக்கு என்று ஒரு வரி சேருங்கள். 4 பிளம்பருக்கு ஒரு பயிலுநர் என்று வையுங்கள். அவர் சம்பளமும், அவரோடு நிற்பவரின் நாளில் கால் பங்கும் அந்த வரியில் வரட்டும். எல்லா ஒப்பந்ததாரருக்கும் அதே வரி, அதே தொகை என்று ஆகிவிட்டால், கற்றுக்கொடுப்பவன் விலை கூடச் சொல்லி வேலையை இழக்கும் நிலை இருக்காது. இரண்டு வருடத்துக்குள் ஒருவரின் பயிலுநரை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், அதுவரை ஆன செலவை முதலாமவருக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பையன் போகும் உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது. கணக்கு முதலாளிகளுக்கு இடையில் மட்டும் தீரட்டும். பிரஷர் டெஸ்ட்டின் நேரத்தையும் வேலைத் திட்டத்தில் தனி நாளாகப் போடுங்கள். அந்த நாளுக்குக் கூலி உண்டு என்றும், முள் நின்றதைப் பார்த்து இருவர் கையெழுத்துப் போடாமல் சுவர் மூடப்படாது என்றும் எழுதுங்கள். அந்த இரண்டாவது கையெழுத்து பயிலுநருடையதாக இருக்கட்டும்.

செலவு கூடும். ஒரு குளியலறையின் டைல்ஸை உடைத்து மறுபடி ஒட்டிய கணக்கு உங்களில் பலரிடம் இருக்கும். அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாயில் சொட்டும் குழாய் ஒன்று நொடிக்கு ஒரு சொட்டு விட்டாலும், 20 சொட்டு 1 மில்லிலிட்டர் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். சுவருக்குள் அதே சொட்டு ஆறு மாதம் விழுந்தால் 750 லிட்டருக்கு மேல் ஆகும். அத்தனையும் ஒரு வீட்டின் சுவருக்குள் இறங்கியிருக்கும்.

போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு புதுக் கட்டடத்துக்கு விலை கேட்டு எனக்குப் படிவம் அனுப்பியிருக்கிறார். இன்னும் நிரப்பவில்லை, மேஜையில் இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள். பயிற்சிக்கு இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். அன்று சாயங்காலமே நிரப்பி அனுப்பிவிடுகிறேன்.